நூலகர் பதில்கள்: மங்கா அடுக்கில் ஏழாம் பாகம்

ஜப்பானியச் சித்திரக்கதைகளான மங்காவைப் பொது நூலகங்கள் வாங்கலாமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாக வாங்கலாம், ஆனால் பராமரிக்கும் முறை வேறு என்று இரண்டே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்பதை அதன் பிறகு வந்து சேர்ந்த கடிதங்கள் உணர்த்தின. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு பொது நூலகத்தில் நான் பணிபுரிந்த பதினெட்டு ஆண்டுகளில், பதினோரு ஆண்டுகள் மங்கா அடுக்குகள் என் பொறுப்பில் இருந்தன. அங்கே கற்றுக்கொண்டதை வைத்து, இம்முறை பகுதி முழுவதையும் இந்தக் கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்காக வாசகர் வட்டத்தின் சார்பில் நன்கொடை திரட்டியிருக்கிறோம். நூறு மங்கா நூல்கள் வாங்க முடியும். பள்ளி மாணவர்களிடம் விருப்பப் பட்டியல் கேட்டதில் முப்பதுக்கும் மேற்பட்ட தொடர்களின் பெயர்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் முதல் மூன்று பாகங்கள் வாங்கிவிட்டால் எல்லோருக்கும் நிறைவாக இருக்கும் அல்லவா?
வாசகர் வட்டப் பொறுப்பாளர், தென்காசி மாவட்டம்

தங்கள் நோக்கம் நல்லது என்றாலும், அந்த வழியில் வாங்கினால் ஒருவருக்கும் நிறைவு கிடைக்காது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. நான் பொறுப்பேற்றபோது எனக்கு முன்பிருந்தவர்கள் அப்படித்தான் வாங்கி வைத்திருந்தார்கள். நாற்பது தொடர்களின் தொடக்கங்கள் இருந்தன. முடிவு ஒன்றுக்கும் இல்லை. நமது வரலாற்று நாவல்களில் ஐந்து பாகங்கள் கொண்ட ஒன்றை எடுத்துப் படித்துக்கொண்டே போய், மூன்றாம் பாகம் நூலகத்தில் இல்லை என்று தெரியவரும்போது ஏற்படும் தவிப்பைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மங்காவில் அந்தத் தவிப்பு நூறு மடங்கு பெரிது. வார இதழ்களிலோ மாத இதழ்களிலோ அத்தியாயம் அத்தியாயமாக வெளிவந்து, பிறகு ஏறத்தாழ இருநூறு பக்கம் கொண்ட பாகங்களாகத் தொகுக்கப்படும் கதைகள் அவை. ஒரு பாகத்தின் கடைசிப் பக்கம் அடுத்த பாகத்தைத் தேட வைப்பதற்காகவே வரையப்பட்டிருக்கும்.

ஒவ்வொரு புதன்கிழமையும் பள்ளி முடிந்து நேராக எங்கள் நூலகத்துக்கு வரும் ஒரு சிறுமி இருந்தாள். 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' என்ற தொடரை வாரம் ஒரு பாகமாகப் படித்து வந்தாள். ஆறாம் பாகம் முடிந்ததும் ஏழாவது இல்லை. யாரோ எடுத்துப்போய்த் திருப்பித் தராமல் விட்டிருந்தார்கள். வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் அது முடியாது என்று தெரிந்தது. அந்தத் தொடரின் இருபத்து மூன்று பாகங்களையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட டோக்கியோபாப் நிறுவனம் 2011ஆம் ஆண்டு தனது அமெரிக்கப் பதிப்புப் பிரிவை மூடியிருந்தது; உரிமைகள் ஜப்பானியப் பதிப்பாளர்களிடம் திரும்பிப் போயிருந்தன. பழைய புத்தகச் சந்தையில் ஒற்றைப் பாகத்துக்கு முழுத் தொடரின் விலையைக் கேட்டார்கள். 2016இல் யென் பிரஸ் நிறுவனம் அதே கதையைப் பன்னிரண்டு பெரிய பாகங்களாக மறுபதிப்புச் செய்யத் தொடங்கிய பிறகுதான் எங்களால் அதை மீண்டும் முழுமையாக வாங்க முடிந்தது. அதற்குள் அந்தச் சிறுமி வளர்ந்து ஊரைவிட்டே போயிருந்தாள்.

ஆகவே ஒரு தொடரை வாங்கத் தொடங்குவதை, அதன் கடைசிப் பாகம்வரை கொண்டுவந்து சேர்ப்பதாக வாசகருக்குக் கொடுக்கும் வாக்காகவே நான் கருதுகிறேன். நூறு நூல்களுக்கு மட்டுமே பணம் இருக்கும்போது, ஏற்கெனவே முடிந்துவிட்ட, அளவில் சிறிய தொடர்களைத் தேர்ந்தெடுத்து முழுமையாக வாங்குவதே முறை.

மாதிரிக்கு ஒரு பட்டியல் தருகிறேன். ஒசாமு தெசுகாவின் 'புத்தா' ஆங்கிலத்தில் எட்டுப் பாகம். ஹிரோமு அரகாவாவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' இருபத்தேழு. 'டெத் நோட்' பன்னிரண்டு. நவோகி உரசாவாவின் 'புளூட்டோ' எட்டு. ஹயாவோ மியாசாகி வரைந்த 'நௌசிகா' ஏழு. காது கேளாத ஒரு மாணவியையும், ஒரு காலத்தில் அவளைத் துன்புறுத்திய மாணவனையும் பற்றிய 'எ சைலண்ட் வாய்ஸ்' ஏழு. ஹிரோஷிமா அணுகுண்டு வீச்சை நேரில் கண்டு உயிர் பிழைத்த கெய்ஜி நகாசாவாவின் 'பேர்ஃபுட் ஜென்' பத்து. சிறு பிள்ளைகளுக்காக, ஒரு பூனைக்குட்டியின் கதையான 'சீஸ் ஸ்வீட் ஹோம்' பன்னிரண்டு. அது நான்கு பெரிய தொகுப்புகளாகவும் வந்திருக்கிறது. தனிப் பாகங்களாகக் கணக்கிட்டால் மொத்தம் தொண்ணூற்றொரு நூல்கள். மீதமுள்ள ஒன்பதில் எட்டைக் கொண்டு, எட்டுத் தொடர்களுக்கும் முதல் பாகத்தில் இரண்டாவது படி வாங்குங்கள். முதல் பாகத்தைத்தான் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். முதலில் கிழிவதும் காணாமல் போவதும் அதுதான். நூறாவது நூலை மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

மாணவர்கள் முதலில் கேட்டிருக்கக்கூடிய 'ஒன் பீஸ்' இந்தப் பட்டியலில் இல்லாதது அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எயிச்சிரோ ஓடா 1997இல் தொடங்கிய அந்தக் கதை நூறு பாகங்களை எப்போதோ கடந்துவிட்டது. ஒரு பாகம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கனம் இருக்கும். எடுத்து வைக்க வசதியாகச் சற்று இடம் விட்டு அடுக்கினால், மூன்றடி நீளப் பலகை ஒன்றில் நாற்பது பாகங்களுக்குமேல் வைப்பது கடினம். அந்த ஒரு தொடருக்கே மூன்று பலகைகள் வேண்டும். தங்கள் நன்கொடை முழுவதும் அதற்கே போய்விடும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் நிதி வரும் என்ற உறுதி கிடைத்த பிறகு அதைத் தொடங்குங்கள் என்றே சொல்கிறேன். மாணவர்களை அழைத்து உட்காரவைத்து, இந்தக் கணக்கை அவர்களிடமே காட்டிவிடுங்கள். எங்கள் நூலகத்தில் அப்படிக் காட்டியபோது பதினான்கு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிடப் பொறுப்பாக முடிவெடுத்தார்கள்.

எங்கள் நூலகத்துக்கு அன்பளிப்பாக வந்த மங்கா நூல்களுக்கு எப்படிப் பகுப்பெண் இடுவது, எந்த வரிசையில் அடுக்குவது என்று புரியவில்லை. ஆசிரியர் பெயரின்படி அடுக்கினோம். வாசகர்கள் தினமும் கலைத்துவிடுகிறார்கள்.
பள்ளி நூலகர், திருச்சி

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி பகுப்பு முறையில் சித்திரக்கதைகளுக்கு உரிய எண் 741.5. ஜப்பானிய நூலகங்கள் பயன்படுத்தும் நிப்பான் பகுப்பு முறையில் மங்காவுக்கு 726.1. எண்ணைப் போட்டுவிடலாம், ஆனால் அந்த எண்ணைக் கொண்டு எந்த வாசகரும் நூலைத் தேடமாட்டார். ஆசிரியர் பெயரும் உதவாது. 'டெத் நோட்' தொடரில் கதை எழுதியவர் ஒருவர், படம் வரைந்தவர் இன்னொருவர். ஜப்பானியப் பெயர்களில் எது குடும்பப் பெயர் என்ற குழப்பம் வேறு சேர்ந்துகொள்ளும். பிள்ளைகள் தொடரின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஆகவே தொடரின் பெயரை அகரவரிசையில் வைத்து, அதற்குள் பாக எண்ணின்படி அடுக்குங்கள். முதுகுச் சீட்டில் பகுப்பெண்ணைச் சிறியதாகவும் பாக எண்ணை மிகப் பெரியதாகவும் எழுதுங்கள். கண்ணாடி அணிந்த ஒருவர் நான்கடி தள்ளி நின்று படிக்கும் அளவில் அது இருக்க வேண்டும்.

அன்பளிப்பாக வரும் நூல்களில் ஒரு கண்ணி உண்டு. ஒரே தொடர் தனிப் பாகங்களாகவும், மூன்று பாகங்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்புகளாகவும் வெளிவரும். தொகுப்பின் அட்டையில் 2 என்று இருந்தால் அதற்குள் இருப்பவை நான்கு, ஐந்து, ஆறாம் பாகங்கள். அதைத் தனிப் பாகங்களுக்கு நடுவே இரண்டாவதாக வைத்துவிட்டால், முதல் பாகத்தை முடித்த வாசகர் கதையில் இரண்டு பாகம் தாண்டி விழுவார். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' இருபத்தேழு பாகமாகவும் இருக்கிறது, பதினெட்டுப் பாகம் கொண்ட வேறொரு பதிப்பாகவும் இருக்கிறது. ஆகவே தொகுப்புகளின் முதுகுச் சீட்டில் '4–5–6' என்று உள்ளடக்கத்தையே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று, பெரும்பாலான மங்கா வலமிருந்து இடமாகப் படிக்கப்படுபவை. 2002 வாக்கில் டோக்கியோபாப் தனது நூல்களை ஜப்பானிய அமைப்பிலேயே வெளியிடத் தொடங்கியது. ஆங்கிலப் பதிப்புகளில் அதுவே பொது வழக்கமாகிவிட்டது. அரபு, உருது நூல்களைக் கையாண்டு பழகிய நூலகப் பணியாளர்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: நூலை வழக்கம்போல் இடப்பக்கத்திலிருந்து திறந்து, தவணைச் சீட்டை அங்கே ஒட்டிவிடுவார்கள். "நீங்கள் தவறான பக்கத்திலிருந்து தொடங்குகிறீர்கள், நூலைத் திருப்புங்கள்" என்ற அறிவிப்பைப் பல பதிப்பகங்கள் அச்சிட்டிருப்பது சரியாக அந்தப் பக்கத்தில்தான். புதிதாகப் படிக்க வருபவருக்கு வழிகாட்ட வேண்டிய பக்கத்தை நாமே மூடிவிடுகிறோம். தவணைச் சீட்டை உள்ளட்டையில் ஒட்டுங்கள். முத்திரையிடும்போது ஓவியத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கைப் பதிவேட்டைத் தவிர ஒரு தனி ஏடும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொடருக்கு ஒரு பக்கம், பக்கத்தில் பாக எண்களுக்குக் கட்டங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் அடுக்கோடு ஒப்பிட்டு, இல்லாத எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். கணினியில் இருப்புப் பட்டியல் இருந்தாலும் இந்த ஏடு வேண்டும். நூலகத்தில் எத்தனை நூல் இருக்கிறது என்பதைக் கணினி சொல்லிவிடும். ஒரு தொடரின் நடுவில் ஓட்டை விழுந்திருப்பதை இந்த ஏடுதான் ஒரே பார்வையில் காட்டும்.

என் மகனுக்குப் பத்து வயது. நூலகத்தில் அவன் எடுத்துவந்த மங்கா ஒன்றில் ரத்தக் களரியான காட்சிகள் இருந்தன. குழந்தைகளுக்கான கார்ட்டூன் புத்தகம் என்று நினைத்துத்தான் அனுமதித்தேன். இப்படிப்பட்டவற்றை நூலகம் நீக்கிவிட வேண்டாமா?
ஒரு தாய், கோயம்புத்தூர்

தங்கள் கவலை நியாயமானது. தங்கள் மகனின் கைக்கு அந்த நூல் போனதில் நூலகத்துக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் தவறு நடந்தது நூலை வாங்கியதில் அல்ல, வைத்த இடத்தில். படம் போட்ட நூல் என்றால் சிறுவர் பிரிவு என்று முடிவு செய்துவிடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மங்காவில் அது பெரும் பிழையாகிவிடும்.

நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் தமிழிலேயே பார்த்துச் சிரிக்கும் ஷின்-சானை எடுத்துக்கொள்ளுங்கள். யோஷிதோ உசுயி அந்தக் கதையை 1990இல் வரையத் தொடங்கியது வளர்ந்த ஆண்களுக்கான ஒரு வார இதழில். தொலைக்காட்சியில் பார்த்த முகம் என்பதால் ஒரு தாத்தா பேரனுக்கு அந்த மூல நூலை எடுத்துக்கொடுத்தால் வீட்டில் சங்கடமே மிஞ்சும். ஜப்பானில் சிறுவர்களுக்கான இதழில் வந்தவை, சிறுமியருக்கானவை, வளர்ந்த ஆண்களுக்கானவை, வளர்ந்த பெண்களுக்கானவை என்று நான்கு பெரும் வகைகள் உண்டு. ஆனால் அவை எந்த வாசகரை நோக்கி இதழ் நடத்தப்பட்டது என்பதைத்தான் சொல்கின்றன. சிறுவர் இதழில் வந்த கதையிலும் கொலை இருக்கும். பெரியவர்களுக்கான இதழில் வந்ததிலும் பத்து வயதுப் பிள்ளை மகிழ்ந்து படிக்கக்கூடிய குடும்பக் கதை இருக்கும்.

ஆங்கிலப் பதிப்பகங்கள் பின்னட்டையில் வயதுக் குறியீடு அச்சிடுகின்றன. விஸ் நிறுவனத்தின் நூல்களில் எல்லா வயதினருக்கும், பதின்வயதினருக்கும், மூத்த பதின்வயதினருக்கும், பெரியவர்களுக்கும் எனத் தனித்தனிக் குறிகள் உண்டு. கொடான்ஷா நூல்களில் 13, 16, 18 என்று வயதையே போட்டிருப்பார்கள். நூலகர் இதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அதோடு நின்றுவிடக் கூடாது. அட்டையைப் பார்த்துவிட்டுப் 'புத்தா'வை நேராகச் சிறுவர் பிரிவில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் போரும் மரணமும் ஆடையற்ற உருவங்களும் உண்டு. அது பெரியவர்களுக்கான ஆழமான படைப்பு. நான் ஒவ்வொரு தொடரிலும் முதல் பாகத்தையும் நடுவில் ஒரு பாகத்தையும் படித்துவிட்டுத்தான் இடம் ஒதுக்குவேன். நடுப்பாகம் ஏன் என்றால், தொடக்கத்தில் மென்மையாக இருக்கும் கதைகள் பத்துப் பாகம் கழித்துக் கடுமையாக மாறுவது மங்காவில் சாதாரணம். ஒரு தொடரை இரண்டு பிரிவுகளில் பிரித்து வைக்க முடியாது. அதன் மிகக் கடுமையான பாகம் எந்தப் பிரிவுக்கு உரியதோ, முழுத் தொடரும் அங்கேதான் இருக்க வேண்டும்.

நீக்கிவிட வேண்டும் என்ற கோரிக்கையைப் பற்றி ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டு டிசம்பரில், ஜப்பானின் மட்சுவே நகரக் கல்வி வாரியத்தின் அலுவலகம், 'பேர்ஃபுட் ஜென்' தொடரில் ஜப்பானியப் படையினரின் கொடுமைகளைக் காட்டும் பக்கங்கள் மிகக் கடுமையாக இருப்பதாகக் கூறி, அதை மாணவர்கள் தாமே எடுக்க முடியாத மூடிய அறைக்கு மாற்றும்படி நகரின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. அதை வரைந்த நகாசாவா மறைந்ததும் அதே மாதத்தில்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த மாதம் 26ஆம் தேதி வாரியம் கூடி, உறுப்பினர்களைக் கலந்துகொள்ளாமல் அலுவலக அளவிலேயே முடிவு எடுக்கப்பட்டது முறையல்ல என்று கூறி, அந்தக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது. இன்று நான் அந்தத் தொடரை மூத்த மாணவர்கள் பிரிவில்தான் வைப்பேன், பூட்டி வைக்கமாட்டேன்.

தங்கள் நூலகத்தில் எழுத்துப்பூர்வமாக ஒரு நடைமுறை இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த நூல், எந்தப் பக்கம், அதை எங்கே வைத்திருக்கலாம் என்று தாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் அந்தத் தொடரை முழுவதும் படித்துவிட்டு, குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும். நான் பார்த்த இத்தகைய புகார்களில் பெரும்பாலானவை நூலை வேறு பிரிவுக்கு மாற்றியதோடு தீர்ந்துபோயின. அதோடு, தங்கள் மகனிடம் கோபித்துக்கொண்டு நூலக உறுப்பினர் அட்டையைப் பறித்துவிடாதீர்கள். அவனோடு அந்தப் பின்னட்டைக் குறியைச் சேர்ந்து படியுங்கள்.

நடைபாதைக் கடைகளில் மங்கா பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் இரு மடங்கு நூல்கள் வாங்கலாமே?
கல்லூரி மாணவர், சென்னை

கூடாது. அவற்றில் பெரும்பகுதி திருட்டு அச்சு. பொதுமக்கள் பணத்தில் இயங்கும் நூலகம் அதை வாங்கவும் கூடாது, அன்பளிப்பாகப் பெறவும் கூடாது. வரைந்தவருக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்பதே முதற்காரணம். நூலாகப் பார்த்தாலும் அது தேறாது. மங்காவில் சாம்பல் நிறச் சாயல் நுண்ணிய புள்ளிகளால் உருவாக்கப்படுகிறது. நல்ல அச்சில் அந்தப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். ஒளிவருடி எடுத்து அச்சிட்ட படியில் அவை ஒன்றோடொன்று கலந்து கறுப்புத் திட்டுகளாகவோ அலையலையான கோடுகளாகவோ தெரியும். ஓரத்து உரையாடல் குமிழ்கள் வெட்டுப்பட்டிருக்கும், முதுகு எழுத்துகள் மங்கியிருக்கும். அன்பளிப்பு வரும்போது ஓர் இரவுக் காட்சிப் பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். உடனே தெரிந்துவிடும்.

வாங்கி ஆறு மாதத்தில் பக்கங்கள் கழன்று வந்துவிட்டன. பைண்டிங் செய்யக் கொடுத்தால் இன்னும் மோசமாகத் திரும்பி வந்தது. சில பாகங்கள் திருடும் போய்விட்டன. பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமா என்று யோசிக்கிறோம்.
ஊர்ப்புற நூலகர், ஈரோடு மாவட்டம்

மங்கா நூல்கள் தைக்கப்படுவதில்லை, பசையால் மட்டுமே ஒட்டப்படுகின்றன. இரண்டு பக்கங்களிலும் விரிந்து கிடக்கும் பெரிய ஓவியத்தைப் பார்க்கப் பிள்ளைகள் நூலை அகலத் திறந்து அழுத்துவார்கள். அந்த இடத்தில்தான் முதுகு முதலில் பிளக்கும். உள்ளூர் பைண்டிங் கடையில் வழக்கமாகச் செய்வது, ஓரத்தில் துளையிட்டுப் பக்கவாட்டில் தைத்துக் காலிகோ துணி ஒட்டுவது. நாவலுக்கு அது சரி. மங்காவில் ஓவியம் மடிப்புவரை போவதால் அந்தத் தையல் உள்பக்கத்து உரையாடல்களை விழுங்கிவிடும். நூலும் முழுதாகத் திறக்காது. தங்களுக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும்.

பக்கங்கள் கழலத் தொடங்கிய அன்றே சரிசெய்ய வேண்டும். சாதாரண ஒட்டுநாடாவைத் தொடாதீர்கள். ஓரிரு ஆண்டில் அது மஞ்சளாகிப் பிசுபிசுத்துப் பக்கத்துத் தாளையும் கெடுத்துவிடும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைச் சில துளி நீர்விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். கம்பளி பின்னும் ஊசி ஒன்றில் அதை மெல்லியதாகத் தடவி, பிளந்த இடத்தில் முதுகின் ஆழம்வரை உருட்டி உருட்டி இறக்குங்கள். கழன்ற தாளின் ஓரத்திலும் ஒரு கோடு போதும். தாளைப் பொருத்தி, இரு பக்கமும் மெழுகுத் தாள் வைத்து நூலை மூடி, மேலே இரண்டு கனத்த அகராதிகளை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஒரு நூலுக்குப் பத்து நிமிடம் ஆகும். எங்கள் நூலகத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மூத்த மாணவர்கள் நால்வர் என்னோடு உட்கார்ந்து இதைச் செய்வார்கள். தாம் ஒட்டிய நூலை அவர்கள் பிறகு எவ்வளவு கவனத்தோடு திறந்தார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். புதிய நூல்களுக்கு வாங்கிய அன்றே தெளிந்த பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள்.

பூட்டுவது வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பூட்டிய பீரோவில் இருக்கும் நூலைக் கேட்டு வாங்கும் துணிவு கூச்சமுள்ள பிள்ளைக்கு வராது. கூச்சமுள்ள பிள்ளைகள்தான் மங்காவை அதிகம் தேடி வருகிறார்கள். இரவல் மேசைக்கு எதிரே, தங்கள் கண்பார்வையில் அடுக்கை மாற்றுங்கள். திருட்டு பாதியாகக் குறையும்.

இரவல் விதியையும் மாற்றிக்கொள்ளலாம். நாவலுக்கு இரண்டு வாரம் என்பது சரி, ஆனால் மங்கா ஒரு பாகம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே பிள்ளை ஒரு தொடரின் பதினைந்து பாகங்களையும் ஒன்றாக எடுத்துப்போய்விட்டால் மற்றவர்களுக்கு அந்தத் தொடரே இல்லாமல் போகும். ஒரு தொடரில் ஒரு நேரத்தில் நான்கு பாகம், ஒரு வாரத் தவணை என்று நாங்கள் வைத்திருந்தோம். காலந்தாழ்த்தினால் தண்டம் கேட்காமல், திரும்பிய பிறகே அடுத்த நான்கு பாகம் என்று சொன்னோம். தண்டத்தைவிட அது நன்றாக வேலை செய்தது.

வரும் ஆண்டில் ஜப்பான் போகிறேன். அங்குள்ள பொது நூலகங்களில் மங்கா நிறைந்திருக்குமா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, புதுச்சேரி

வியப்பாக இருக்கும், ஆனால் பல ஊர் நூலகங்களில் அடுக்கு அடுக்காக மங்காவைத் தாங்கள் காணமாட்டீர்கள். தெசுகா போன்ற முன்னோடிகளின் படைப்புகளும், மாணவர்களுக்காக வரலாற்றையும் அறிவியலையும் மங்கா வடிவில் சொல்லும் நூல்களும் இருக்கும். வாராவாரம் வெளிவரும் பெருந்தொடர்களைப் பல நூலகங்கள் வாங்குவதில்லை. பாகங்கள் முடிவின்றி வருவதும், இடப் பற்றாக்குறையும், நூல் விரைவில் நைந்துபோவதும் அதற்குக் காரணங்கள். நாம் இங்கே படும் பாடுதான் அங்கேயும். 1950களில் அங்கு தெருவுக்குத் தெரு வாடகை நூல் நிலையங்கள் இருந்தன. அவற்றுக்கென்றே தனியாக மங்கா வரைந்து அச்சிட்டார்கள். நம் ஊரில் முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் நாளுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்துப் படித்த தலைமுறைக்கு அந்த இடங்கள் அந்நியமாகத் தெரியாது.

தாங்கள் அவசியம் பார்க்க வேண்டியவை இரண்டு. ஹிரோஷிமாவின் ஹிஜியாமா பூங்காவில் 1997இல் தொடங்கப்பட்ட நகர மங்கா நூலகம், மங்காவுக்கென்றே இயங்கும் பொது நூலகம். கியோட்டோ சர்வதேச மங்கா அருங்காட்சியகம் 2006 நவம்பரில், மூடப்பட்ட ஒரு பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. அங்குள்ள ஏறத்தாழ மூன்று லட்சம் இனங்களில் ஐம்பதாயிரம் பாகங்கள் தாழ்வாரச் சுவர்களில் கைக்கு எட்டும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அங்கேயே படிக்கலாம். முன்பு பள்ளி விளையாட்டுத் திடலாக இருந்த புல்வெளியில் பெரியவர்களும் பிள்ளைகளும் படுத்துக்கொண்டு படிப்பார்கள். ஒரு பாகத்தை எடுத்து, கடினமான சீன எழுத்துகளின் அருகே சிறிய எழுத்தில் உச்சரிப்பு அச்சிடப்பட்டிருப்பதைப் பாருங்கள். சிறுவர் மங்காவில் இது வழக்கம். மங்கா படித்தால் மொழி கெட்டுவிடும் என்று தங்களிடம் சொன்னவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் நூலகத்தில் 'டெமன் ஸ்லேயர்' ஆறு பாகம் இருக்கிறது. ஏழாம் பாகம் இல்லை. யாரிடம் கேட்பது?
மாணவி, விருதுநகர்

அன்பு மகளே, வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள்; எழுதிக் கொடு. தொடரின் பெயர், பாக எண், பதிப்பகத்தின் பெயர், உங்கள் நூலகத்தில் இருக்கும் ஆறாம் பாகத்தின் பின்னட்டையில் உள்ள பதின்மூன்று இலக்க எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுது. அந்த எண் ஆறாம் பாகத்துக்கு உரியதுதான், ஆனால் எந்தப் பதிப்பு என்பதை அடையாளம் காண அது நூலகருக்கு உதவும். அந்தத் தொடர் இருபத்து மூன்று பாகங்களில் முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்து எழுது. இன்னும் பதினேழு வாங்கினால் முழுமையாகிவிடும் என்று தெரிந்தால் பொறுப்பில் இருப்பவர்கள் முடிவெடுப்பது எளிது. உன்னைப் போலவே காத்திருக்கும் தோழிகள் இருந்தால் அவர்களும் கையொப்பமிடட்டும். வாசகர் பரிந்துரைப் பதிவேட்டில் அதைப் பதியச் சொல்லி, தேதியைக் குறித்துக்கொள். மாவட்ட மைய நூலகத்தில் அந்தப் பாகம் இருக்கிறதா என்றும் விசாரிக்கச் சொல். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் எனக்கு எழுது. உன் நூலகருக்கு நானே ஒரு கடிதம் எழுதுகிறேன்.